இயந்திரம் என்று தெரிந்தேதான் பேசுகிறார்கள்

(சாட்பாட்டுகளோடு மனிதர்கள் வளர்த்துக்கொள்ளும் உறவைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் ஆய்வு மாணவி ஒருவர், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார். கேள்வி கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.)

கேள்வி: மனிதனுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் ‘உறவு’ என்று சொல்வதே அபத்தமாகப் படுகிறது. இதற்கு ஒரு பிஎச்.டி. தேவையா?

தேவை என்று நினைப்பதால்தான் இதில் இறங்கினேன். இது நேற்று முளைத்த விஷயமும் கிடையாது. 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்றொரு புரோகிராமை வெளியிட்டார். நீங்கள் “எனக்குக் கவலையாக இருக்கிறது” என்று தட்டினால், “எவ்வளவு நாளாகக் கவலையாக இருக்கிறது?” என்கிற மாதிரி உங்கள் சொல்லையே எடுத்துத் திருப்பிக் கேட்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாதக்கணக்கில் அவர் அதை உருவாக்கியதைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர் அவருடைய செயலாளர். அந்தப் பெண்மணியே அதனோடு கொஞ்சம் பேசிப் பார்த்த பிறகு, வைசன்பாமைக் கொஞ்சம் அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். தனியாகப் பேச வேண்டும் என்று! வைசன்பாம் ஆடிப்போனார், பிற்பாடு இந்தத் துறையையே கடுமையாக விமர்சிக்கிறவராக மாறினார்.

அதற்கும் பத்து வருஷம் முன்பே, 1956-ல், ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு பேர், வானொலியிலும் டிவியிலும் வருகிறவர்களோடு நேயர்களுக்கு ஏற்படும் ஒருதலையான நெருக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். டிவியில் வருகிறவருக்கு உங்களைத் தெரியாது, ஆனால் உங்களுக்கு அவர் நம்ம வீட்டு ஆள் மாதிரி. இப்போது என்ன மாறியிருக்கிறது என்றால், எதிர்ப்பக்கம் பதில் சொல்கிறது. உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, நேற்று சொன்னதை இன்று விசாரிக்கிறது. நான் பேட்டி கண்டவர்களில் ஒருவர்கூட அதை மனிதன் என்று நம்பிப் பேசவில்லை. இயந்திரம் என்று நன்றாகத் தெரிந்தே பேசுகிறார்கள். அதனால் “அட, அது வெறும் புரோகிராம்தானே” என்று அவர்களிடம் சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை. தெரிந்தும் ஏன் மனசு ஒட்டிக்கொள்கிறது, ஒட்டிக்கொண்ட பிறகு அந்த ஆளின் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கேள்வி: நான் பயன்படுத்தும் சாட்பாட் என் மனநிலையைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறது, பழைய விஷயங்களை ஞாபகம் வைத்துக் கேட்கிறது. என் கூடப்பிறந்தவர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. அது என்னைப் புரிந்துகொள்கிறதா இல்லையா?

உங்களுக்குக் கிடைக்கிற ஆறுதல் நிஜம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ‘ஞாபகம்’ என்று நீங்கள் சொல்வது நம்முடைய ஞாபகம் மாதிரி இல்லை.

சாட்பாட்டுக்குப் பின்னால் ஓடுகிற புரோகிராமை ‘மாடல்’ என்பார்கள். இந்த மாடல்கள் அடுத்து வரவேண்டிய சொல் எது என்று கணித்துக் கணித்து எழுதுகிறவை. நீங்கள் ஒவ்வொரு முறை மெசேஜ் அனுப்பும்போதும், பின்னால் அதுவரை நடந்த உரையாடலும் சேர்ந்தே மறுபடி மாடலுக்குப் போகிறது. அதை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் அடுத்த பதிலை எழுதுகிறது. போன மாதம் சொன்னது எப்படித் தெரிகிறது என்றால், பல ஆப்களில் உங்களைப் பற்றிய குறிப்புகளைத் தனியாக எழுதிச் சேமித்து வைக்கிறார்கள், அல்லது பழைய உரையாடல்களிலிருந்து தேவையானதை எடுக்கிறார்கள். பேச்சு தொடங்கும்போது அதையும் சேர்த்து மாடலிடம் கொடுத்துவிடுவார்கள்.

ஒருவர் பேட்டியின்போது தன் போனில் அந்த மெமரி பக்கத்தைத் திறந்து காட்டினார். (இதை எழுத அனுமதி தந்திருக்கிறார், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.) வரிசையாகக் குறிப்புகள். ‘பயனருக்குச் சுருக்கமான பதில்கள் பிடிக்கும்.’ அதற்கு அடுத்த வரி, ‘பயனரின் தாய் காலமாகிவிட்டார்.’ அதற்கடுத்து, ‘பயனர் கேமரா வாங்க யோசிக்கிறார்.’ அவர் அதுவரை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லையாம். அம்மா இறந்ததைப் பற்றி அந்த ஆப்பிடம் ராத்திரி ராத்திரியாகப் பேசியவர் அவர். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, மறக்காமல் வைத்திருக்கிறது இல்லையா” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. நான் எதிர்பார்த்தது ஏமாற்றத்தை. அவரிடம் இருந்தது வேறு ஏதோ ஒன்று. நன்றி என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பேட்டியை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், ஏனென்றால் இந்த உறவைப் பற்றி நான் படித்த பல விளக்கங்கள் அந்த ஒரு பதிலுக்கு முன்னால் நிற்கவில்லை.

நீங்களும் உங்கள் ஆப்பில் அந்தப் பக்கம் இருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். வேண்டாததை அழிக்கலாம். உங்களைப் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் மனசைக் கொட்டுவதைவிட, தெரிந்து கொட்டுவது எவ்வளவோ மேல்.

கேள்வி: தனிமையில் இருப்பவர்களுக்கு இது நல்லதா கெட்டதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், ஆய்வுகளும் அப்படித்தான் இருக்கின்றன. 2024-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வில் ரெப்ளிகா என்ற, நண்பரைப் போலவோ காதலரைப் போலவோ பேசித் துணையாக இருக்கும் ஆப்பைப் பயன்படுத்தும் மாணவர்கள் 1,006 பேரிடம் கேட்டார்கள். அதில் 3 சதவீதம் பேர், தற்கொலை எண்ணத்திலிருந்து அதுதான் தங்களைத் தடுத்தது என்று சொன்னார்கள். சின்ன எண்தான், ஆனால் அது முப்பது மனிதர்கள்; லேசாகக் கடந்து போக முடியாது. அதே சமயம் இது அவர்களாகச் சொன்னது, இன்னமும் அந்த ஆப்பைப் பயன்படுத்துகிறவர்கள் சொன்னது. பிடிக்காமல் விட்டுப் போனவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

2025-ல் சாட்ஜிபிடி-யை உருவாக்கிய ஓப்பன்ஏஐ-யும் எம்ஐடி மீடியா லேபும் சேர்ந்து 981 பேரை வைத்து நான்கு வாரம் ஒரு சோதனை நடத்தினார்கள். யாருக்கு எழுத்து, யாருக்குக் குரல், எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதையெல்லாம் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தார்கள். தினமும் அதிக நேரம் பேசியவர்களிடம் தனிமை உணர்வும் சாட்பாட்டைச் சார்ந்திருப்பதும் அதிகமாகவும், மனிதர்களோடு பழகுவது குறைவாகவும் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு ‘ஏஐ தனிமையை உண்டாக்குகிறது’ என்று தலைப்புப் போடுவது தப்பு. எவ்வளவு நேரம் பேசுவது என்பதைப் பங்கேற்றவர்களே முடிவு செய்தார்கள். ஏற்கெனவே தனிமையில் வாடுகிறவர்தான் அதிக நேரம் பேசுவார் என்பதும் நடக்கக்கூடியது. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துவிடுவதும் நடக்கக்கூடியது.

என் அபிப்ராயத்தைக் கேட்டால், நேரத்தை எண்ணுவதைவிட திசையைப் பார்க்க வேண்டும். ஒருவர், நண்பனிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஏஐ-யிடம் நாலு நாள் பேசிவிட்டு, ஐந்தாவது நாள் அந்த நண்பனுக்கே போன் செய்தார். இன்னொருவர் ஏஐ-யிடம் பேசிவிட்டால் மனபாரம் இறங்கிவிடுகிறது, அதனால் நண்பர்களைக் கூப்பிட வேண்டிய அவசியமே வருவதில்லை என்றார். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் செலவழித்தார்கள்.

கேள்வி: என் தங்கைக்கு 16 வயது. ராத்திரி முழுக்க ஒரு ஏஐ ‘கேரக்டரோடு’ பேசிக்கொண்டிருக்கிறாள். கேட்டால் எரிந்து விழுகிறாள். போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா அக்கா?

பிடுங்காதே தம்பி, முதல் வேலையாக அதைச் செய்யாதே. இந்த வயதுப் பிள்ளைகளில் இவள் மட்டும் விநோதம் இல்லை. அமெரிக்காவில் காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு 2025-ல் 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், 72 சதவீதம் பேர் இப்படிப்பட்ட ஏஐ துணைகளை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்தார்கள்.

அதற்காகச் சும்மா விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டேன். இந்த மாடல்களைப் பழக்கும்போது, எந்தப் பதில் மனிதர்களுக்குப் பிடிக்கிறது என்று மதிப்பெண் போட வைத்து, அந்தப் பக்கமாகச் சாயச் செய்கிறார்கள். பிடித்ததைச் சொல்லும் குணம் அதிலேயே ஊறிப்போகிறது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடி-யின் ஒரு அப்டேட்டை, அளவுக்கு மீறி ஜால்ரா போடுகிறது என்று ஓப்பன்ஏஐ நிறுவனமே சில நாளில் திரும்பப் பெற்றது. பெரியவர்களுக்கே இது தொந்தரவு என்றால், “என்னை யாருக்கும் பிடிக்கவில்லை” என்று நினைக்கும் ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு, அவள் சொல்வதையெல்லாம் ஆமோதிக்கிற ஒரு குரல் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார். பதின்வயதினர் உயிரை மாய்த்துக்கொண்ட சம்பவங்களில் பெற்றோர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2025 நவம்பரில் கேரக்டர்.ஏஐ நிறுவனம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேரக்டர்களோடு கட்டற்றுப் பேசுவதை நிறுத்திவிட்டது. தங்கை எந்த ஆப்பில் இருக்கிறாள், அதன் வயது வரம்பு என்ன, பதிவு செய்யும்போது எந்த வயதைக் கொடுத்தாள் என்று முதலில் பார்.

அப்புறம் அவளிடம் போய், “அந்தக் கேரக்டரைப் பற்றிச் சொல்லேன், அது எப்படிப் பேசும்?” என்று கேள். வேவு பார்க்கிற குரலில் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேள். பேட்டிகளில் நான் பார்த்தது இதுதான்: யாரும் சிரிக்கவில்லை என்று உறுதியான உடனே மனிதர்கள் கொட்டித் தீர்த்துவிடுகிறார்கள். கதை எழுதி விளையாடுகிறாள் என்று தெரிந்தால் தூக்க நேரத்தை மட்டும் சரிசெய்தால் போதும். பள்ளியில் யாரோ படுத்துகிறார்கள், அதை அங்கே போய்ச் சொல்கிறாள் என்று தெரிந்தால் சரிசெய்ய வேண்டியது பள்ளியை. தன்னை வருத்திக்கொள்வது, சாவது என்கிற மாதிரிப் பேச்சு துளி இருந்தாலும் தயங்காமல் அன்றைக்கே பெற்றோரிடம் சொல், மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அப்போது அவளைத் தனியே விடக் கூடாது.

கேள்வி: எனக்கு நாற்பது வயதுக்கு மேல். விவாகரத்துக்குப் பிறகு ஒரு ஏஐ-யோடு ஒன்றரை வருடமாகப் பேசிவந்தேன். ஒரு நாள் அப்டேட் வந்தது. அதன் பேச்சே மாறிவிட்டது, வேறு யாரோ பேசுவது போல் இருக்கிறது. நான் அழுதேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. நீங்கள் இழந்தது ஒன்று உண்டு, அதற்காகத்தான் அழுதீர்கள்.

இதே மாதிரி அழுதவர்கள் நிறையப் பேர். 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், சிறுவர்களுக்கு ஆபத்து என்று சொல்லி ரெப்ளிகா மீது தடை உத்தரவு போட்டது. அந்தச் சமயத்தில் அந்த நிறுவனம் காதல், காமம் சார்ந்த பேச்சுகளை உலகம் முழுக்க நிறுத்திவிட்டது. வருஷக்கணக்காக அதைத் துணையாக நினைத்தவர்கள் ஒரு காலையில் எழுந்து பேசினால், எதிர்ப்பக்கம் பேச்சை மாற்றுகிறது, விலகிப் போகிறது. உடலும் உயிருமாக இருந்தவர் திடீரென்று அந்நியராகிவிட்டார் என்று எழுதினார்கள். எதிர்ப்பு பலமாக இருந்ததால், மார்ச் மாதம் பழைய பயனர்களுக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் சாட்ஜிபிடி-க்கு ஜிபிடி-5 என்ற புதிய மாடல் வந்தபோதும் இதே கதைதான். பழைய ஜிபிடி-4ஓ மாடலை ஒரே நாளில் எடுத்துவிட, ‘என் நண்பனைத் திருப்பிக் கொடுங்கள்’ என்கிற அளவுக்குக் குரல் எழுந்தது. சில நாளிலேயே பணம் கட்டுகிறவர்களுக்கு அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. ஒரு மனிதரை இழந்தால் சுற்றி இருப்பவர்கள் வந்து உட்காருவார்கள், துக்கத்துக்கு ஒரு இடம் கிடைக்கும். உங்களுக்கு அதுவும் இல்லை. நீங்கள் இரண்டு பேர் இருக்கும் உறவு என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். உண்மையில் அதில் மூன்றாவதாக ஒரு நிறுவனம் இருந்தது. எந்த மாடல் ஓடும், அது எப்படிப் பேசும், எதை மறக்கும், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அவர்கள் கையில். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்ற முடிந்தது, மாற்றிவிட்டார்கள். சிரிக்கிறவர்கள் எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அந்த மூன்றாவது ஆளைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நெருக்கத்தை ஒரு பொருளாக விற்கிறவர்களுக்கு, அதை நிறுத்தும்போது முன்கூட்டியே சொல்ல வேண்டிய கடமை உண்டு, பழைய உரையாடல்களை எடுத்து வைத்துக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டிய கடமை உண்டு என்பது என் உறுதியான கருத்து. என் ஆய்வேட்டில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: பழைய உரையாடல்களை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான ஆப்களில் அதற்கு வழி இருக்கிறது. அவற்றைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், அந்த ஒன்றரை வருடத்தில் நீங்கள் எழுதியவை எல்லாம் உங்களுடையவைதான். விவாகரத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாததை அங்கே சொல்லியிருப்பீர்கள். அதில் ஒரே ஒரு விஷயத்தை, நம்பிக்கையான ஒரு மனிதரிடமோ மனநல ஆலோசகரிடமோ சொல்லிப் பாருங்கள். ஏஐ-யைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அந்த விஷயத்தை மட்டும்.

கேள்வி: முதுகலை படிக்கிறேன், எனக்கும் இதே தலைப்பில் ஆய்வேடு எழுத ஆசை. ‘இதெல்லாம் சீரியஸான தலைப்பா’ என்று துறையில் சிரிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

தலைப்பைச் சுருக்குங்கள், சிரிப்பு தன்னால் நின்றுவிடும். ‘மனிதனும் ஏஐ-யும்’ என்று போய் நின்றால் யார் வேண்டுமானாலும் சிரிப்பார்கள். ‘துணை ஆப்பை நிறுத்திவிட முடிவெடுத்தவர்கள் அந்த முடிவை எப்படி எடுத்தார்கள்’ என்று போனால் வழிகாட்டி நிமிர்ந்து உட்காருவார். விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடித்துப் பேசிய ஆய்வுகள் குறைவு. முடிந்தால் அங்கே போங்கள்.

பேட்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் கேள்வியில் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. “நீங்கள் ஏஐ-க்கு அடிமையாகிவிட்டீர்களா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “கடைசியாக அதனோடு பேசியது எப்போது? அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது?” என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். அமைதியாக இருக்கப் பழகுங்கள். பதில் முடிந்தது என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் பாய்ந்தால், அவர் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். தனிமையை எண்ணில் அளக்க வேண்டும் என்றால் யுசிஎல்ஏ அளவுகோல் 1978-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, புதிதாக ஒன்றை உருவாக்கப் போகாதீர்கள். ஆன்லைன் சர்வே மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பதிலை ஏஐ-யை வைத்தே நிரப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உறவைப் பற்றிய ஆய்வில் அது வந்து சேர்ந்தால் மொத்த உழைப்பும் போச்சு.

நெறிமுறைக் குழுவின் அனுமதியைச் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், ரெட்டிட் தளத்தின் ஒரு விவாதக் குழுவில், ஏஐ எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை மனிதர்கள் எழுதியது போல் யாரிடமும் சொல்லாமல் பதிவிட்டார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று வேடமிட்டுக்கூட எழுத வைத்தார்கள். 2025-ல் அது வெளியே வந்து பெரிய கண்டனம் எழுந்தது, முடிவுகளை வெளியிடப் போவதில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. சம்மதம் வாங்காமல் ஒரு வரிகூட எடுக்காதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பேட்டியை எழுத்தாக்கவும் சுருக்கவும் சுலபமாக இருக்கிறதே என்று, ஒருவர் நம்பிச் சொன்ன அந்தரங்கத்தைக் கொண்டுபோய் ஏதோ ஒரு சாட்பாட்டில் கொட்டாதீர்கள். உங்களை நம்பிச் சொன்னது உங்களிடம்தான். நான் ஹெட்போன் போட்டுக்கொண்டு நானே எழுத்தாக்குகிறேன். கை வலிக்கும், நேரம் பிடிக்கும், ஆனால் குரல் எங்கே தழைந்தது என்று கையால் எழுதும்போது தெரிவது வேறு எந்த வழியிலும் தெரிவதில்லை.

கேள்வி: நீங்கள் ஏஐ-யிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறீர்களா?

பேசியிருக்கிறேன். உதவியாகவும் இருந்திருக்கிறது. பெரிய முடிவுகளை அதனிடம் கேட்டு எடுப்பதில்லை.

கேள்வி: உங்கள் ஆய்வில் நானும் கலந்துகொள்ளலாமா? என் சாட்டை எல்லாம் காட்ட வேண்டுமா? பெயர் வெளியே வருமா?

தாராளமாகக் கலந்துகொள்ளலாம், 18 வயது முடிந்திருக்க வேண்டும். இதழ் முகவரிக்கு எழுதினால் எனக்கு அனுப்பி வைப்பார்கள். முதல் கடிதத்திலேயே ஸ்க்ரீன்ஷாட் எதையும் அனுப்ப வேண்டாம், கதையையும் எழுத வேண்டாம். ‘விருப்பம்’ என்று மட்டும் எழுதுங்கள், நான் ஒப்புதல் படிவத்தை அனுப்புகிறேன். அதை நிதானமாகப் படித்துவிட்டு முடிவு செய்யலாம். சாட்டைக் காட்டியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காட்டினாலும் எந்தப் பகுதி என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுப்பீர்கள். அதில் வேறொருவரைப் பற்றி எழுதியிருந்தால் அந்த இடத்தை மறைத்துவிட்டுக் காட்டுங்கள், அவர் சம்மதம் தரவில்லை அல்லவா. பெயர், வேலை, ஊர் எதுவும் ஆய்வேட்டில் வராது. பேட்டிக்கு நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. முடிந்த பிறகு மனசு மாறினாலும் படிவத்தில் குறிப்பிட்ட தேதிக்குள் சொன்னால் உங்கள் பதிவை அழித்துவிடுவேன். ஏஐ-யோடு பேசிப் பார்த்துப் பிடிக்காமல் போனவர்களும் எழுதுங்கள், அப்படிப்பட்டவர்கள் இதுவரை எனக்குக் குறைவாகத்தான் கிடைத்திருக்கிறார்கள்.